கோபுரம் விட்டுக் கோபுரம்: செல்லிட வலையமைப்பில் அஞ்சல் முறையின் வரலாறு

செல்லிடத் தொலைபேசி தொடர்பாக எம்மவர்கள் சொல்லும் முறைப்பாடுகள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று, “இங்கே கவரேஜ் இல்லை” என்பது. மற்றையது, “கவரேஜ் இருக்குது, ஆனால் லைன் கிடைக்குதில்லை” என்பது. இரண்டையும் ஒரே குறையாக எண்ணி, தொலைபேசி நிறுவனத்தைத் திட்டிவிட்டு அடுத்த அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறோம். உண்மையில் இவை வெவ்வேறு குறைகள். முதலாவது எட்டும் தூரம் பற்றியது. இரண்டாவது கொள்ளளவு பற்றியது. ஒன்றைத் தீர்ப்பதற்கான வைத்தியம் மற்றையதை மோசமாக்குவதும் உண்டு.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்கலாம் என்ற நம்பிக்கையில் எழுந்ததே ‘பல தாவல் செல்லிட வலையமைப்பு’ என்னும் எண்ணம். அழைப்பவரின் சொல் கோபுரத்தை நேரே சென்றடைய வேண்டியதில்லை. இடையிலுள்ள கருவிகள் அதை வாங்கி அடுத்த கருவிக்குக் கொடுத்து, தாவித் தாவிக் கோபுரத்துக்குக் கொண்டுசேர்க்கலாம் என்பதே அதன் சாரம். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நாம் பார்க்கும் அஞ்சலோட்டம் போன்றதுதான் இது. செய்தி கைமாறுவதைத் தொழிலாகப் பார்த்துவந்தவன் என்ற வகையில் இந்த எண்ணத்தின் வரலாறு என்னை நெடுநாளாகக் கவர்ந்து வந்துள்ளது.

கண்ணுக்குத் தெரிந்த கோபுரங்கள்

அஞ்சல் முறை வானொலிக்கு முந்தியது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் குளோட் ஷாப் என்பவர் அமைத்த காட்சித் தந்தி 1794இல் பாரிஸ் நகருக்கும் வடக்கேயுள்ள லீல் நகருக்கும் இடையே இயங்கத் தொடங்கியது. குன்றுகளின் மீதும் கட்டடங்களின் மீதும் கோபுரங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் அசையும் மரக்கைகள். ஒரு கோபுரத்தின் கைகள் எந்த நிலையில் நிற்கின்றன என்பதை அடுத்த கோபுரத்திலுள்ளவர் தொலைநோக்கியால் பார்த்துத் தன் கோபுரத்தின் கைகளையும் அவ்வாறே திருப்புவார். போர்முனைச் செய்தி இப்படித்தான் தலைநகரை அடைந்தது. நெப்போலியன் காலத்தில் இந்த வலையமைப்பு மேலும் விரிந்தது.

இந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு சிறப்பு இருந்தது. ஒரு கோபுரம் ‘பேசுவதை’ அதற்கு நேரே தொலைநோக்கி பிடித்திருப்பவர் மட்டுமே ‘கேட்டார்’. வேறொரு திசையில் இன்னொரு கோபுர வரிசை அமைத்தாலும் இரண்டும் ஒன்றையொன்று குழப்பவில்லை. வானொலி வந்தபோது எட்டும் தூரம் பெருகியது. இந்தச் சிறப்புத் தொலைந்துபோனது. வானொலியில் ஒருவர் பேசுவது சுற்றியுள்ள எல்லோருக்கும் கேட்கும். அவர் பேசும் அலைவரிசையில் அதே நேரத்தில் அயலில் வேறொருவர் பேசினால் இரண்டும் கெடும். பின்வந்த பொறியியலாளர்கள் பட்ட பாடெல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைத்தது எனலாம்.

பெரிய கோபுரமும் சிறிய கலங்களும்

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் 1946 ஜூன் மாதத்தில் வாகனங்களுக்கான தொலைபேசிச் சேவை ஆரம்பிக்கப்பட்டது. உயரமான இடத்தில் வலுமிக்க ஒலிபரப்பி ஒன்று நகரம் முழுவதையும் தழுவி நின்றது. எட்டும் தூரத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசத் தொடங்கினால் அவர் முடிக்கும்வரை நகரத்தில் வேறெவருக்கும் அது கிடையாது. இந்த முறை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நியூயோர்க் சாட்சி. 1976இல் அந்த மாநகரின் வாகனத் தொலைபேசிச் சேவைக்கு 12 அலைவரிசைகள் இருந்தன. சந்தாதாரர்கள் 543 பேர். காத்திருந்தோர் பட்டியலோ ஆயிரக்கணக்கில் நீண்டிருந்தது.

இதற்கான பரிகாரம் அதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்னரே தாளில் எழுதப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங், 1947 டிசம்பரில், சக பொறியியலாளர் ரே யங் என்பவரின் பங்களிப்புடன் ஓர் உள்ளகக் குறிப்பை வரைந்தார். நகரத்தைத் தேன்கூட்டின் அறைகள் போன்ற சிறு கலங்களாகப் பிரிப்போம்; ஒவ்வொரு கலத்துக்கும் வலு குறைந்த ஒரு நிலையம் வைப்போம்; போதிய தூரத்திலுள்ள கலங்களில் அதே அலைவரிசையை மீண்டும் பயன்படுத்துவோம் என்பதே யோசனை. உரத்துப் பேசுவதை விடுத்துத் தாழ்ந்த குரலில் பேசினால், ஒரே மண்டபத்தில் பல உரையாடல்கள் நடக்கலாம் அல்லவா? அதுதான் தத்துவம்.

இந்த யோசனை வணிகச் சேவையாவதற்கு ஒரு தலைமுறை பிடித்தது. 1979இல் தோக்கியோவிலும், 1981இல் நோர்டிக் நாடுகளிலும், 1983 ஒக்டோபரில் சிகாகோவிலும் செல்லிட வலையமைப்புகள் தொடங்கின. தெற்காசியாவில் முதல் சேவை 1989இல் இலங்கையில் செல்டெல் நிறுவனத்தால் ஆரம்பிக்கப்பட்டது. கலத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்கக் கொள்ளளவு பெருகும். ஆனால் கோபுரங்களின் எண்ணிக்கையும், அவற்றுக்கான காணி, மின்சாரம், பிரதான வலையமைப்போடு இணைக்கும் கம்பி ஆகியவற்றின் செலவும் பெருகும். சனம் நெருங்கி வாழும் கொழும்பில் இச்செலவு கட்டுப்படியாகும். மலைக்குப் பின்னாலிருக்கும் தோட்டக் குடியிருப்புக்குக் கட்டுப்படியாகாது.

இவ்விடத்தில் நமது நாட்டில் வாழ்ந்து மறைந்த ஆதர் சி. கிளார்க்கையும் நினைவுகூரவேண்டும். அவர் இலங்கைக்கு வருவதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன், 1945 ஒக்டோபரில், பூமிக்கு மேலே நிலைத்து நிற்கும் மூன்று அஞ்சல் நிலையங்கள் உலகம் முழுவதையும் தழுவலாம் என்று எழுதினார். செய்மதியின் எட்டும் தூரத்துக்கு எல்லை இல்லை. ஆனால் பூமியின் மூன்றிலொரு பங்கைத் தழுவும் ஒரே கற்றை, சென் லூயிஸ் கோபுரத்தின் குறையை வானத்துக்குக் கொண்டுபோனதற்கு ஒப்பாகும். எல்லோருக்கும் கேட்கும், சிலர் மட்டுமே பேசலாம்.

தாவித் தாவிச் சென்ற வாராந்த அறிக்கை

கலங்களின் கதை இப்படி வளர்ந்துகொண்டிருக்கையில், கணனித் துறையில் வேறொரு கதை தொடங்கியது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் குழுவினர் தீவுகளிலுள்ள கணனி முனைகளை ‘அலோஹா’ என்ற வானொலி வலையமைப்பினால் இணைத்தனர். யாரும் எப்போதும் அனுப்பலாம். மோதிக் கெட்டால் மீண்டும் அனுப்பலாம். எளிமையான முறைதான். ஆனால் அதன் உச்சப் பயன், அலைவரிசையின் மொத்தத் திறனில் ஏறத்தாழ 18 சதவீதம் மட்டுமே எனக் கணக்குக் காட்டியது. கட்டுப்பாடின்றி எல்லோரும் பேசும் சபையில் ஐந்திலொரு பங்குகூடக் காதில் விழாது.

ரொபேர்ட் கான் என்பவரின் முயற்சியால், அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்பா 1973இல் பொதி வானொலித் திட்டத்தை ஆரம்பித்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியுள்ள உயரமான இடங்களில் அஞ்சற் கருவிகள் வைக்கப்பட்டன. செய்தி சிறு பொதிகளாக உடைக்கப்பட்டு ஒரு கருவியிலிருந்து மற்றதற்குத் தாவிச் சென்றது. 1976 ஓகஸ்ட் 27ஆம் திகதி எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி நிறுவனத்தினர் தமது வாகனத்தை ஒரு மதுச்சாலையின் அருகே நிறுத்தி, வெளியே மர மேசையொன்றில் கணனி முனையை வைத்து, தமது வாராந்த அறிக்கையைப் பொதி வானொலி வழியாக ஆர்ப்பாநெற் வலையமைப்புக்கு அனுப்பினர். இரண்டு வெவ்வேறு வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேசிய ஆரம்ப நிகழ்வுகளில் ஒன்றாக அது நினைவுகூரப்படுகிறது.

இராணுவத்துக்கு இந்த முறை பிடித்துப்போனதில் வியப்பில்லை. போர்க்களத்தில் கோபுரம் கட்டமுடியாது. ஒரு கருவி அழிந்தாலும் மற்றொன்றின் வழியே செய்தி போகும். ஆனால் போர்க்களத்தில் பேசுவோர் சிலர். ஒரு நகரமே பேசத் தொடங்கினால் என்னவாகும் என்ற கேள்விக்கு மறுமொழி கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு சென்றது.

வர்க்கமூலத்தின் தீர்ப்பு

அந்த மறுமொழியை 2000ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை தந்தது. எழுதியவர்கள் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும். குமார், சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் பட்டம் பெற்றவர்.

அவர்கள் நிறுவியதை எளிய கணக்காகச் சொல்லலாம். ஒரு பட்டணத்தில் 100 கருவிகள் பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தன் அயற்கருவியோடு மட்டும் தாழ்ந்த குரலில் பேசுகிறது. பட்டணத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செய்தி போக ஏறத்தாழ 10 தாவல்கள் தேவை. இப்போது அதே பட்டணத்தில் கருவிகளை 10,000 ஆக்குவோம். அயலவர் நெருங்கிவிட்டதால் குரலை இன்னும் தாழ்த்தலாம். ஒரே நேரத்தில் நடக்கும் உரையாடல்கள் 100 மடங்காகும். ஆனால் கோடிக்குக் கோடி செல்லத் தேவையான தாவல்களும் 10இலிருந்து 100 ஆகிவிடும். ஆகவே மொத்த இலாபம் 10 மடங்குதான். அதைப் பங்குபோட வந்திருப்பவர்களோ 100 மடங்கு. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது முன்னர் கிடைத்ததில் பத்திலொன்று. அங்கத்தவர் தொகை வளர, ஒருவருக்குரிய பங்கு அத்தொகையின் வர்க்கமூலத்துக்கேற்பத் தேய்கிறது. ஒழுங்கின்றிச் சிதறிய கருவிகளாயின் இன்னும் சற்று அதிகமாகவே தேய்கிறது.

பிறருடைய சுமையைத் தூக்குவதிலேயே ஒவ்வொரு கருவியின் காலமும் கழிந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். முன்னைய காலத்தில் மாவட்ட நிருபர் ஒருவர் ‘டிரங்க் கோல்’ எடுத்துச் செய்தி சொல்லும்போது, இடையிலுள்ள ஒவ்வொரு தொலைபேசி நிலையத்திலும் ஒரு வழி அவருக்காகவே அடைபட்டு நின்றதை நாங்கள் அறிவோம். ஒரு செய்தி கடந்த தூரத்தின் விலையை இடையிலிருந்த எல்லோரும் கொடுத்தார்கள்.

இந்தத் தீர்ப்புக்கு ஒரு விதிவிலக்கை மத்தியாஸ் குரோஸ்கிளவுசரும் டேவிட் சேயும் 2001இல் காட்டினர். கருவிகள் ஓரிடத்தில் நில்லாமல் நடமாடினால், செய்தியை வாங்கியவர் அதைத் தன்னோடு சுமந்துபோய், உரியவரை நெருங்கும்போது ஒப்படைக்கலாம். இரண்டே தாவல்கள், பங்கும் தேயாது. ஆனால் எப்போது போய்ச்சேரும் என்று சொல்லமுடியாது. அதிகாலையில் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போகும் வாகனத்தைப் போன்ற முறை இது. பத்திரிகைக்குச் சரி, தொலைபேசி உரையாடலுக்குச் சரிவராது.

கலமும் தாவலும் சேர்ந்தபோது

கோபுரம் இருக்கட்டும், தாவலும் இருக்கட்டும், இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. குப்தா–குமார் கட்டுரை வந்த அதே 2000ஆம் ஆண்டில், தாய்வானின் தேசிய சியாவ் துங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிங்-டார் லின், யூ-சிங் சூ ஆகியோர் ‘பல தாவல் செல்லிட’ அமைப்பை டெல் அவீவ் மாநாடொன்றில் முன்வைத்தனர். கோபுரங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அல்லது கோபுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு எல்லோரும் பேசும் வலுவைக் குறைக்கலாம் என இரு வழிகளை அவர்கள் காட்டினர். சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் சி. சிவராம் மூர்த்தி, பி.எஸ். மனோஜ் முதலியோர் இவ்வகை வலையமைப்புகளுக்கான வழிகாண் நெறிமுறைகளை ஆராய்ந்தனர். அவ்விருவரும் இணைந்து எழுதி 2004இல் வெளியான பாடநூல் இத்துறை மாணவர்களிடையே நன்கு அறியப்பட்டது.

இதில் இலாபம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு கணக்கைப் பார்ப்போம். நகர்ப்புறத்தில் தூரம் பாதியானால் சமிக்ஞையின் வலு 16 மடங்காகும் என்பது பொறியியலாளர் கொள்ளும் அண்ணளவான கணக்குகளில் ஒன்று. கலத்தின் ஓரத்திலிருப்பவரின் சமிக்ஞை மெலிந்தது. ஒரு குறியீட்டில் 1 பிட் மட்டுமே ஏற்றலாம் எனக் கொள்வோம். பாதி வழியில் ஓர் அஞ்சற் கருவியை வைத்தால், ஒவ்வொரு தாவலிலும் 3 பிட் ஏற்றமுடியும். அதே பொதியை இரண்டு தடவை அனுப்பவேண்டியிருப்பதால் இரண்டால் வகுத்தால் 1.5. ஒன்றரை மடங்கு இலாபம். ஆனால் கோபுரத்துக்கு அருகில் இருப்பவர் ஏற்கெனவே 3 பிட் அனுப்புகிறார். அவருடைய செய்தியையும் தாவலில் விட்டால் அது நட்டம். ஆகவே அஞ்சல் எல்லோருக்குமான மருந்தன்று. ஓரத்தில் இருப்பவர்களுக்கே அது உதவும்.

வேறொரு இடுக்கணும் உண்டு. செல்லிட வலையமைப்பில் ஏறத்தாழ எல்லாச் செய்தியும் கோபுரத்துக்குத்தான் வரவேண்டும். கலத்துக்குள் எத்தனை இடங்களில் ஒரே நேரத்தில் தாவல்கள் நடந்தாலும், கோபுரத்துக்கான கடைசித் தாவலில் எல்லோரும் ஒரே வாசலில் வரிசையில் நிற்கவேண்டும். ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஷியே ஹுங்-யுன், ரகுபதி சிவகுமார் ஆகியோரின் ஆய்வுகள் இந்தக் கழுத்து நெரிசலைச் சுட்டிக்காட்டின. இதற்கு 2001இல் பபலோ பல்கலைக்கழகக் குழுவினர் கண்ட வழி சுவையானது. நெரிசலான கலத்திலுள்ளவரின் அழைப்பை, வேறொரு அலைவரிசையில் இயங்கும் அஞ்சற் கருவி மூலம், நெரிசலற்ற அயற்கலத்துக்குத் திருப்பிவிடுவது. ஒரு வாசலில் கூட்டமென்றால் பக்கத்து வாசலுக்கு அழைத்துச் செல்வதற்கு ஒப்பானது அது.

யார் தோளில் சுமப்பது?

கணிதம் இப்படியிருக்க, நடைமுறையில் இந்த எண்ணம் இடறியது வேறிடத்தில். மூன்றாம் தலைமுறைத் தொலைபேசிக்கான தரம் வகுக்கப்பட்டபோது, பாவனையாளரின் தொலைபேசிகளே ஒன்றுக்கொன்று அஞ்சல் செய்யும் ‘ஓ.டி.எம்.ஏ.’ என்ற முறை 1999இல் பரிசீலிக்கப்பட்டது. இறுதித் தரத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. சிக்கலான சமிக்ஞைகள், தாமதம் என்பவற்றோடு எவரும் எளிதில் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு கேள்வியும் இத்தகைய முறைகளை எதிர்நோக்கியது. முன்பின் தெரியாத ஒருவரின் அழைப்புக்காக என் பற்றரி ஏன் தீரவேண்டும்?

இந்தக் கேள்வியைச் சுவிற்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் லெவென்டே புத்யானும் ஜோன்-பியர் யூபோவும் நேர்மையாக எதிர்கொண்டனர். பிறர் பொதியைச் சுமக்கும் கருவிக்குக் கூலியாக ஒரு கற்பனை நாணயம். தன் பொதியை அனுப்ப அந்த நாணயத்தைச் செலவிடவேண்டும். ‘நக்லெற்’ என்று அதற்குப் பெயரிட்டனர். அழகான யோசனைதான். ஆனால் வலையமைப்பின் நடுவே இருப்பவனுக்குக் கூலி குவியும். ஓரத்தில் இருப்பவன் வழியாக எவரும் போவதில்லை. அவனுக்குக் கூலி இல்லை. அஞ்சல் அதிகமாகத் தேவைப்படுபவனே ஏழையாகிறான். தொழில்நுட்பக் கட்டுரைகளுக்குள் சமூகவியல் இப்படி ஒளிந்திருப்பதுண்டு.

ஆகவே சுமை பாவனையாளரின் தோளிலிருந்து நிறுவனத்தின் பெட்டிக்கு மாறியது. 2009இல் வெளியான வைமக்ஸ் திருத்தத் தரம் நிலையான அஞ்சல் நிலையங்களை இருவகையாக வகுத்தது: ஒன்று கொள்ளளவைப் பெருக்க, மற்றது எட்டும் தூரத்தை நீட்ட. தொடக்கத்தில் கூறிய இரு முறைப்பாடுகளும் இங்கே இரு வகைப் பெட்டிகளாகிவிட்டன. 2011இல் நான்காம் தலைமுறைத் தரமும் அஞ்சல் நிலையத்தை ஏற்றது, ஆனால் இடையில் ஒன்றே ஒன்று. ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் முடியாத கருவி தன் நேரத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டியிருந்தது.

மீண்டும் ஷாப்பின் கோபுரம்

2020இல் நிறைவான ஐந்தாம் தலைமுறைத் தரத்தின் 16ஆம் வெளியீடு, கம்பியின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் கோபுரங்களைப் பல தாவல்களுடன் அனுமதித்தது. முன்னர் தோற்ற எண்ணம் இப்போது எப்படி ஏற்கப்பட்டது? மில்லிமீற்றர் அலைகளே முக்கிய காரணம். இவ்வலைகள் நெடுந்தூரம் செல்லா. சுவரைக் கடக்கவும் சிரமப்படும். ஆனால் சிறு பலகையொன்றில் ஏராளமான நுண் அலைவாங்கிகளை அடுக்கி, ஒடுங்கிய கற்றையாக ஒரு திசைக்கு மட்டும் அவற்றைச் செலுத்தமுடியும். அடுத்த கோபுரத்துக்குக் கேட்கும். அயலுக்குப் பெரும்பாலும் கேட்காது. வானொலி தொலைத்த சிறப்பு திரும்பக் கிடைக்கிறது. விண்ணிலும் இதே மாற்றம்தான். இன்றைய ஸ்டார்லிங்க் செய்மதிகள் லேசர் ஒளியால் தமக்குள் அஞ்சல் செய்கின்றன. ஷாப்பின் மரக்கைகளைத் தொலைநோக்கியால் பார்த்தவர் இதைப் புரிந்துகொண்டிருப்பார்.

குப்தா–குமார் கணக்குப் பொய்யாகிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். குரலைத் திசைப்படுத்தியதால் குறுக்கீட்டுச் செலவு குறைந்திருக்கிறது. தாவல்களின் செலவு அப்படியே இருக்கிறது. பிரதான கம்பியோடு இணைந்த கோபுரத்திலிருந்து விலக விலக, கடைசிக் கோபுரத்துக்கு எஞ்சும் பங்கு குறைந்துகொண்டே போகும். ஆகவே மலைக்கப்பால் உள்ள ஊருக்கு அஞ்சற் கோபுரம் ஒன்றை வைத்துவிட்டு “கவரேஜ் கொடுத்துவிட்டோம்” என்று அறிக்கை விடுவது பாதி உண்மைதான். அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாலைப்பொழுதில் பாடத்தைத் தரவிறக்க முயலும்போது எவ்வளவு கிடைக்கிறது என்பதே மறுபாதி. ஒரு பிரதேசத்தைத் தழுவியுள்ளோம் என்று நிறுவனங்களோ அரசுகளோ சதவீதம் காட்டும்போது, பத்திரிகையாளர்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகவேண்டும்.

பாவனையாளரின் தொலைபேசியே அஞ்சல் செய்யும் பழைய கனவும் முற்றாக மடிந்துவிடவில்லை. 2016இல் அது தரத்துக்குள் நுழைந்தது, தீயணைப்பு, மீட்பு போன்ற பொதுப் பாதுகாப்புச் சேவைகளுக்காக. சாதாரண மக்களின் கைக்கு அது இன்னும் பரவலாக வந்துசேரவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்தபோது, கொழும்பில் செய்தி மேசையிலிருந்து கிழக்குக் கரையோர இலக்கங்களை நாங்கள் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தோம். இணைப்பு இல்லை. அன்று அக்கரையோரத்தில் பழுதின்றி இயங்கிய கையடக்கத் தொலைபேசிகள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றுக்குத் தம் கோபுரத்தோடு பேசத் தெரிந்திருந்தது. பக்கத்திலிருந்த இன்னொரு தொலைபேசியோடு பேசத் தெரிந்திருக்கவில்லை. அத்தகைய நாளில் ஒருவருக்கும் நீண்ட உரையாடல் தேவையில்லை. “உயிரோடிருக்கிறோம்” என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு, எத்தனை தாவல் கடந்தாலும், வர்க்கமூலத்தின் தீர்ப்புத் தடையல்ல. எவரும் தன் பற்றரியைக் கணக்குப் பார்த்திருக்கவும் மாட்டார்.